திருச்சியிலிருந்து வந்த மஞ்சள் கடிதம்

பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களின் பழைய கடிதங்களைச் சேகரிக்கிறோம் என்று போன மாதம் ஒரு காலேஜ் டீச்சரம்மா எங்கள் எண்ணூர் வீட்டுக்கு வந்தார். சரித்திரமாம். கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதக் கட்டை அப்படியே கொடுத்தேன். ஒரே ஒரு இன்லண்டு லெட்டரை மட்டும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று உங்களிடம் சொல்வதற்கென்ன.

அப்போது எனக்குத் திருவொற்றியூரில் பட்டறை வேலை. ரங்கூனிலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் வந்து திருச்சியில் குடியேறியவரின் மகள் சரசுவைப் பெண் கேட்டிருந்தோம். ஒரு தடவைதான் பார்த்தேன். அதற்கப்புறம் இரும்பைத் தேய்க்கச் சொன்னால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் சனிக்கிழமை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். எந்தக் கடிதமானாலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்வரை பிரிக்காமல் அம்மன் படத்தடியில் வைப்பது என் அம்மாவின் பழக்கம். கடிதம் காத்திருந்தது, அம்மாவின் வாய் காத்திருக்கவில்லை. கல்யாணம் முடிவாகிவிட்டது என்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள். எதிர்வீட்டு மீன்காரம்மா, "இன்னா மாப்ளே, நடையே மாறிக்கீது" என்றார். மாறித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பிரித்தால், உள்ளூரிலேயே இடம் பார்த்துவிட்டார்களாம், தப்பாக நினைக்க வேண்டாமாம். மூலையை முகர்ந்து பார்த்தேன். வறுத்த பூண்டு. மனுஷன் அத்தோ சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார். நூடுல்ஸை மஞ்சள் எண்ணெய் விட்டுக் கையால் பிசைந்து தின்கிற பர்மாக்காரர் விரல், நாலு மூலையையும் அழுத்திப் பிடித்திருக்கிறது.

அம்மா அசரவில்லை. "ஆறு நாளு அம்மன் காலாண்ட கெடந்த லெட்டரு. இல்லன்னு சொல்லாது" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

திருச்சியில் கடிதத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் சரசுவின் அப்பாவிடம் நீட்டினாள். "மஞ்ச தடவி அனுப்பிட்டு இல்லன்னா இன்னாண்ணே அர்த்தம்?"

"நான் தடவலியேம்மா."

"அப்ப யாரு தடவுனது?"

அவர் எங்களைவிடப் பக்திமான். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து சரசு, "அம்மனே சொன்ன பிறகு என்னப்பா யோசனை" என்றாள்.

பூண்டு விஷயம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். அத்தோவில் மஞ்சள் போட வைத்ததும் நீதானே தாயே என்று கூடவே சொல்லியும் வைக்கிறேன்.

இப்போது அம்மாவும் இல்லை, தபாலை எதிர்பார்க்கிற ஆட்களும் இல்லை. போன வாரம் மகனுக்குக் கேட்டிருந்த இடத்திலிருந்து போனில் மெசேஜாகப் பதில் வந்தது. வேண்டாமாம். வந்த நொடியே படித்துவிட்டான். எனக்காவது ஆறு நாள் மாப்பிள்ளையாக இருக்கக் கிடைத்தது.