ஒட்டுப்பாலில் ஊறிய சட்டைகள்

விமானப் பெட்ரோலுக்கென்று ஒரு வாசனை உண்டு. லாரிப் பெட்ரோல்போல மூக்கில் குத்தாது. பழுத்து அழுகத் தொடங்கிய பழம்போலக் கொஞ்சம் இனிப்பாக வந்து, துணியின் நூலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலையில், சிரம்பானிலிருந்து ரந்தாவுக்கு வரும் பஸ்ஸில் இறங்கி, ரப்பர் தோட்டத்து முள்வேலி வாசலில் கைகளைத் தூக்கிச் சோதனை கொடுத்துவிட்டு என் அப்பா, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில், எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது, அவருக்கு முன்னால் அந்த வாசனைதான் வந்து நிற்கும். அம்மா உடனே கதவைச் சாத்துவாள்.

மலாயாவில் அவசரகாலம் அது. வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று எங்களை வேலிக்குள் அடைத்து, கடையில் விற்கும் பால் டின்னைக்கூட ஓட்டை போட்டுக் கொடுத்த காலம். அப்பா, யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் வேலை வாங்கிய விமானத் தளத்தில் எஞ்சின் வேலை கற்றவர். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் கோலாலம்பூர்ப் பக்கத்தில் பட்டாள விமானங்களுக்கு மெக்கானிக்காகச் சேர்ந்துகொண்டார். "எஞ்சினுக்கு எல்லா நாட்டுக்காரனும் ஒண்ணுதான், எண்ணெ ஊத்துறவன்தான் அதுக்குச் சொந்தக்காரன்" என்பார். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. வீடு அவள் வேலைக்குக் கிடைத்த வீடு. பக்கத்துத் தோட்டத்தில் பட்டாளக்காரர்களோடு நின்று பேசியதற்காகவே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவரைக் காட்டுக்காரர்கள் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அதனால் எங்கள் அப்பா, ஊருக்கு, கோலாலம்பூரில் லாரி பட்டறை மெக்கானிக். எனக்கும் அப்படித்தான் சொல்லிப் பழக்கியிருந்தாள் அம்மா; "ஒங்கப்பா என்ன வேல?" என்று யார் கேட்டாலும் "லாரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட வேண்டும்.

சொல்லை மறைப்பது எளிது, வாசனையை மறைப்பதுதான் பாடு. அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மரத்தின் வெட்டில் காய்ந்து நிற்கும் "ஒட்டுப்பால்" இருக்கிறதே, இரண்டு நாள் கிடந்தால் செத்த எலியே தேவலாம் என்று தோன்றும், அதில் ஒரு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, அப்பாவின் சட்டைகளோடு ஒரே வாளியில் ஊறப்போடுவாள். காலையில் குழாயடியில் அந்தச் சட்டைகளை அடித்துத் துவைக்கும்போது தோட்டத்து நாற்றம் மட்டும்தான் இருக்கும். அப்பா அந்தச் சட்டையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிப்பார். "ஏம்மா, தளத்துல எம் பக்கத்துல ஒருத்தனும் ஒக்கார மாட்டேங்குறான்" என்பார். "ஒக்கார வேணாம். நீங்க உசுரோட நின்னாப் போதும்" என்பாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா கைலி கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாங்கள் "தும்பி" என்று கூப்பிடுகிற, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறு விமானம் ஒன்று ரெம்பாவ் பக்கமிருந்து மரங்களை உரசுவதுபோல வந்தது. வழக்கமாக ஒரே சீராக ரீங்கரித்துப் போகும் தும்பி, அன்றைக்கு இருமியது, நின்றது, மறுபடி இருமியது. அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல எழப் போக, அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது ஒங்க லாரி இல்லங்க. ஒக்காந்து சாப்புடுங்க."

அப்பா உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். அந்தச் சோறு அவர் கன்னத்துக்குள் மெல்லப்படாமல் அப்படியே இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் சுத்தமாக நின்று, பிள்ளைகள் "பாடாங்குல எறங்கிருச்சு! பாடாங்குல எறங்கிருச்சு!" என்று பந்து விளையாடும் திடலை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார்.

நானும் ஓடினேன். தும்பி புல்லில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆடுகள் வேலியோரமாகச் சிதறியிருந்தன. வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் சிகரெட்டைப் பற்றவைக்க முடியாமல் தீக்குச்சிகளை வீணாக்கிக்கொண்டிருந்தான். அப்பா அவனிடம் இரண்டு சொல் பேசினார். அவன் உள்ளிருந்து ஒரு கருவிப் பையை எடுத்து நீட்டினான். லயமே கூடி நிற்க, லாரி மெக்கானிக்காகிய என் அப்பா, விமானத்தின் வயிற்றைத் திறந்து, குழாயைக் கழற்றி, வடிகட்டியில் அடைத்திருந்த அழுக்கைக் கைலி நுனியால் துடைத்து, திரும்பப் பூட்டி, முன்னால் வந்து காற்றாடியைக் கையால் ஒரு சுழற்றுச் சுழற்றினார். அது ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. யாரும் கைதட்டவில்லை. 

அதற்கப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. விமானக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம்: பழுது பார்த்தவனே முதல் ஓட்டத்தில் கூட ஏற வேண்டும், தன் கைவேலையைத் தன் உயிரை வைத்துச் சொல்ல வேண்டும். அந்த இளைஞன் பக்கத்து இருக்கையைக் கைகாட்ட, அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். அப்போதுதான் அம்மா வந்து சேர்ந்தாள், அவர் பாதியில் விட்ட சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடி. தும்பி புல்லில் ஓடி, ரப்பர் மரங்களுக்கு மேலே எழும்பி, லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கோலாலம்பூர்ப் பக்கமாகப் போய் மறைந்தது. அம்மா தட்டோடு வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலைப் பெரியம்மா, நாக்கில் ஒரு கத்தியும் மடியில் ஒரு வெற்றிலையும் இல்லாமல் யாரும் பார்த்திராத மனுஷி, அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"ஏ பாக்கியம், ஒம் புருசன் லாரி மேட்டுல நல்லாத்தான் ஏறுது."

அம்மா உடைந்துபோனாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சே அக்கா. இனி அவர வுட்டு வைப்பானுங்களா?"

"இப்பத்தான் தெரிஞ்சிச்சா? அழுவாதலா. லாரி மெக்கானிக்கு சொக்காய எவளாச்சும் ஒட்டுப்பாலுல ஊறப்போடுவாளா? கொழாயடியில மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறப்பவே தெரியும், நீ எதையோ மறைக்கிறன்னு. அது என்னன்னு ஒம் புருசன் தலைக்கு மேல ஒரு பிளேன் போறப்ப அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

அந்த வாரமே, கடைசி நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் புதருக்குள்ளிருந்து காட்டுக்காரன் ஒருவன் வந்து கேட்டானாம், விமானத்தில் ஏறிப்போனவன் யார் என்று. அஞ்சலைப் பெரியம்மா கத்தியை மரத்திலிருந்து எடுக்காமலே பதில் சொல்லியிருக்கிறாள். "லாரி பட்டறை ஆளுய்யா. பாவம், வெள்ளக்காரன் இழுத்துப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். பொண்டாட்டி சோத்துத் தட்டோட நின்னு அழுவுறா." கூட இருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்களாம். வந்தவன் நம்பினானோ இல்லையோ, அப்புறம் யாரும் வந்து கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே பஸ்ஸில் அப்பா இறங்கினார். வேலி வாசலிலிருந்து எங்கள் வீடுவரை ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விதான்: "என்னண்ணே, லாரி எப்படி ஓடுது?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடியே நடந்து வந்தார். அன்றைக்கும் அம்மா கதவைச் சாத்தினாள். அன்றைக்கும் ஒட்டுப்பாலை ஊறப்போட்டாள். காட்டுக்காரர்கள் இல்லாமல் போய், வேலியைப் பிரித்த பிறகும் லயத்தில் அவருக்கு "லாரிக்காரர்" என்றே பெயர். அவர் இறந்தபோது தூக்கிப் போனவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள்.

அந்த லயம் இப்போது இல்லை. திடல் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அஞ்சலைப் பெரியம்மா இல்லை. ஒட்டுப்பால் நாற்றம் எப்படியிருக்கும் என்று என் மகளுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னிடம் ஒரு உவமையும் இல்லை. நீலாயில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே, வயிறு நிறைய மனிதர்களோடு பெரிய பெரிய விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அம்மா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்து அண்ணாந்து பார்ப்பாள்.

"ஒங்கப்பா லாரி போவுது."

"அது பிளேன் பாட்டி" என்று என் மகள் சிரிப்பாள்.

அம்மா சிரிப்பதில்லை. வேலி எதுவும் இல்லாத எங்கள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, "மெதுவாச் சொல்லுடி" என்பாள்.