மீதியைக் கேட்பவர்

அவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு வாட்ச்மேன். மாதா கோயிலில், ஃபாதர் உள்ளே உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே மண்டியிடும் முன், கம்பளிக் குல்லாயைக் கழற்றிவிட்டு, யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல அதன் பலகையை மெல்லத் தட்டுவார்.

தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், கோயிலுக்குள்ளும் மூடுபனி புகுந்திருந்தது. அவருக்கு மன்னிப்பு வழங்கிய ஃபாதர், ஒரு நோயாளியைப் பார்க்க அவசரமாக எழுந்து போனார். வாட்ச்மேன் எழவில்லை. காலித் தொட்டியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, ஃபாதர் போயிட்டாருங்களே" என்றேன், பின்னால் காத்திருந்த நான்.

"தெரியுமுங்க. அவருகிட்டப் பாதிதானுங்க சொன்னேன். மீதியைக் கேக்கறவரு உள்ளதான் இருக்காருங்க."

வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அடுத்து உங்களை வரச் சொல்றாருங்க" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் நடந்தார்.

தொட்டிக்குள்ளிருந்து பலகையை யாரோ மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

நான் மண்டியிடாமல் ஓடி வந்துவிட்டேன். இப்போது அந்தச் சத்தம் என் வீட்டில் கேட்கிறது.