இரண்டாம் முறை கட்டிய ஈயம்

பாடாங் செராய் ஊர்ச்சந்தையான பாசாரில் மீன் விற்ற எர்னஸ்டின் மகள் ஜேன் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், நட்சத்திரத்துக்கு எக்ஸ்ரே எடுக்கிறாள் என்பார் எர்னஸ்ட். பாதி உண்மை. இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவள், நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ்ரேயின் வலுவை அளக்கும் விண்கலக் கருவி ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கருவி நாளாக நாளாக எல்லாவற்றையும் குறைத்துக் காட்டியது. அதற்குள்ளேயே, எவ்வளவு வலுவாக எக்ஸ்ரே வீசும் என்று தெரிந்த ஒரு துண்டை வைத்திருந்தார்கள். அது எவ்வளவு குறைந்து தெரிகிறதோ, அந்த அளவுக்கு மற்றதையும் ஏற்றிச் சரிசெய்வதுதான் ஜேனின் பிழைப்பு.

1985இல் அவள் லீவில் வந்தபோது வீடே அமளிதுமளிப்பட்டது. ஒரு நட்சத்திரத்தின் எக்ஸ்ரே இருக்கவேண்டியதைவிட வலுவாக வருவதைக் கண்டுபிடித்திருந்தாள். கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. எர்னஸ்ட் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு, பாசார் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, வாங்கிப் போன மீனோடு மருதம்மாள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, எடை கொறையுது லா. பக்கத்துக் கடையில போட்டுப் பாத்துட்டேன்."

எர்னஸ்டின் முகம் செத்துப்போனது. அவருடைய டாச்சிங், தூக்குக்கோல் தராசு, எடையைக் குறைத்துக் காட்டும். அதற்காகத் தட்டின் அடியில் ஒரு ஈயத்துண்டைக் கட்டியிருந்தார். போன மாதம் அரசு முத்திரைக்குக் கொடுத்தபோது தராசைச் சரிசெய்து, ஈயத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். மனிதர் கடைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் அதை மறுபடி கட்டிவிட்டார். ஒரு மாதமாக ஊரையே ஏமாற்றியிருக்கிறோமே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

கடையில் கூட நின்ற ஜேன் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. இந்த வருடம் முதல் விண்கலத்தின் பதிவு நாடாக்கள் தலைமை நிலையத்திலேயே சரிசெய்யப்பட்டு வருகின்றன. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், பழைய கணக்கையே வைத்து அந்த நட்சத்திரத்துக்கும் தன் பங்குக்கு இன்னொரு தடவை ஏற்றியிருந்தாள். மீன் சுற்றும் காகிதத்திலேயே கணக்குப் போட்டாள். நட்சத்திரத்தில் கூடுதலாகத் தெரிந்த வலுவும் அவள் ஏற்றிய அளவும் ஒன்றுதான். மயிரிழைகூட வித்தியாசமில்லை.

"அப்பா, நானும் ஈயத்த கட்டிட்டேன்," என்றாள்.

எர்னஸ்டுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப அந்த நட்சத்திரத்துல?"

"ஒண்ணும் இல்லப்பா."

அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு அவளைத் தபால் நிலையத்துக்கு இழுத்துப் போனார். கட்டுரையை நிறுத்தச் சொல்லித் தந்தி போனது. ஊருக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதை நினைத்து ஜேன் அன்று சோற்றில் கைவைக்கவில்லை.

மறுநாள் பூசையில் சாமியார் ஜேனின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது எர்னஸ்ட் எழுந்து நின்றார். ஈயத்தின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். எடை குறைவாக வாங்கியவர்கள் எல்லாரும் வந்து மீதி மீனை வாங்கிக்கொள்ளவேண்டும் என்றார். சொல்லி முடித்தும் அவர் உட்காரவில்லை. மகளைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

ஜேன் எழுந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் ஈயத்த கட்டிட்டேன்," என்று ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.