லென்கோ அண்ணனின் ஆமாம்

பல்கேரிய மலையில் இருக்கும் எங்கள் கோர்னா க்ருஷாவில் பாதி வீடுகளில் ஆள் கிடையாது, கதவில் இரங்கல் தாள்தான் இருக்கும். போட்டோ, பெயர், செத்த வருஷம். மழையில் ஊறித் தாள் கிழிந்தால் பிள்ளைகள் தலைநகர் சோபியாவிலிருந்து வந்து புதிதாக ஒன்று ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒழுகுகிற கூரையை மாற்ற ஒருத்தரும் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஓர் ஆள் தானாக வந்து வீடு வாங்குகிறான், அதுவும் இங்கிலாந்திலிருந்து என்றதும், அங்கே எவனையோ கொன்றுவிட்டு ஒளிந்துகொள்ள வருகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் பெயர் லெனார்ட். பர்மிங்காம் நகரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்தபின் அடுக்குமாடி ஒன்றின் உச்சியில் தனியாக இருந்திருக்கிறார். ஒரு வாரம் முழுக்க யாரிடமும் பேசாமல், குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கச் சமையலறையில் நின்று தனக்குத்தானே நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தாராம். அதன் பிறகுதான் இணையத்தில் எங்கள் ஊர் வீட்டின் படத்தைப் பார்த்திருக்கிறார். கூரை பாதி விழுந்த வீடு. படத்தில் பின்னால் ஒரு மலை தெரிந்ததாம், அது போதும் என்று கிளம்பி வந்துவிட்டார். எங்கள் வாயில் லெனார்ட் நுழையவில்லை, லென்கோ ஆனார்.

தலை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதில்தான் வந்து நின்றது. நாங்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. இங்கிலீஷ்காரர்களுக்கு இது நேர்மாறு என்பது இங்கிலாந்துக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. "அடுத்த வருஷமும் வர்றியா?" என்று மேஸ்திரி கேட்டான். நான் வாயெல்லாம் பல்லாகத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஆள் வேண்டாம் போலிருக்கிறது என்று என்னை விட்டுவிட்டான். அந்த ஆத்திரத்தில்தான் ஊருக்கு வந்து இந்தக் கடையை வைத்தேன்.

வந்த புதிதில் லென்கோ என் கடைக்கு வந்து நிற்பார். "ரொட்டி வேணுமா?" என்று என் புருஷன் மின்ச்சோ கேட்பான். அவர் மேலும் கீழும் ஆட்டுவார். மின்ச்சோ ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுவான். நான் குறுக்கே வந்திருக்காவிட்டால் மனிதர் பட்டினியாலேயே போயிருப்பார். பிறகு பிடிவாதமாகக் கற்றுக்கொண்டார். தாடையைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துவிட்டு, "இது ஆமா. சரியா, ஸ்டாங்கா?" என்பார். "சரிதான் அண்ணே, கழுத்தை முறிச்சுக்காதீங்க" என்பேன் நான்.

சில வருஷத்தில் அது அவருடைய தலையாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையில் உட்கார்ந்து மகளுடன் போனில் பேசுவார். வாய் இங்கிலீஷில் 'யெஸ், யெஸ்' என்று சொல்லும், தலை எங்கள் ஊர்ப்படி பக்கவாட்டில் ஆடும். "ரெண்டும் சண்டை போடுது பாருங்க" என்று நான் கேலி செய்வேன்.

ஆனால் அவரை இந்த ஊரோடு கட்டிப்போட்டது ஆடுகள்தான். ஊர் ஆடுகளை மேய்க்க எங்களுக்குத் தனி ஆள் கிடையாது. முறை வைத்து, ஆளுக்கு ஒருநாள் எல்லா வீட்டு ஆட்டையும் ஓட்டிப் போகவேண்டும். லென்கோ ஓர் ஆடு வாங்கினார். அது படலருகே நின்று வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும் என்பதால் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார். தன் முறை வந்தால் பழைய பஸ் கம்பெனித் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு படலாக நின்று ஆடுகளை ஏற்றிக்கொள்வார், ஆமாம், ஏற்றிக்கொள்வது என்றுதான் சொல்வார். சாயங்காலம் அதே படல்களில் ஒவ்வொன்றாக இறக்கிவிடுவார்.

"அங்க முப்பது வருசம் ஓட்டினேன், ஸ்டாங்கா. ஒரு ஆள் பேர் தெரியாது. இங்க எல்லா பயணியும் பேர் தெரியும்" என்பார் அவருடைய உடைந்த பல்கேரியனில்.

"அண்ணே, உங்க பயணிங்க வண்டியிலயே புழுக்கை போடுதுங்க!"

"அங்கயும் அப்படித்தான்!"

மற்றவர்களுக்குப் பாரமான முறையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மலைச்சரிவில், காட்டுப் பேரிக்காய் மரத்தடியில், ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அந்த வயதில் அப்படிச் சந்தோஷமாக இருந்த மனிதரை வேறு எங்கும் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருக்கும்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் ஆடுகள் தாமாக வந்தன. ஒவ்வொன்றும் தன் படலில் நின்று கத்தியது. ஓட்டுகிறவரைக் காணோம். மின்ச்சோவும் நானும் சரிவில் ஓடினோம். பேரிக்காய் மரத்தடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஜில்லா ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பேச்சு போய்விட்டது, வலது கை கால் போய்விட்டது, இடது கையும் சொன்னபடி கேட்பதில்லை, எழுத்தும் போய்விட்டது. காகிதத்தில் கோடு மட்டும் இழுப்பார். ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரியும், மிச்சமிருப்பது தலை ஒன்றுதான் என்றார் டாக்டர். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆட்டு முறை போலவே லென்கோ முறையும் வைத்தோம், ஆளுக்கு ஒருநாள். தயிர் ஊட்ட, துடைத்துவிட, அடுப்புக்கு விறகு வைக்க. யாரும் முகம் சுளிக்கவில்லை. "சூடு போதுமா அண்ணே?" என்றால் பக்கவாட்டில் ஆட்டுவார். "போதும்னா வாயத் திறங்க" என்றால் திறப்பார்.

பனி விழுவதற்கு முன் மகள் ஹெதர் வந்தாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டுவதற்காவது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் என்ன பார்த்தாள்? வெளியே கக்கூஸ், விறகு அடுப்பு, முக்காடு போட்ட பெண்கள் அப்பாவுக்கு ஊட்டுவது. குளிர்காலத்தில் பாதை அடைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கட்டிலருகே மண்டியிட்டாள்.

"நான் உங்கள இழுத்துட்டுப் போகமாட்டேன்ப்பா. நீங்களே சொல்லுங்க. இங்கயே இருக்கணுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

லென்கோ தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். நன்றாக, அழுத்தமாக ஆட்டினார்.

"என்கூட வர்றீங்களா?"

மேலும் கீழும் ஆட்டினார்.

அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"ஏம்மா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டே! இருக்கணும்னு சொல்றாரு. எங்க ஊர்ல இப்படி ஆட்டினா ஆமா!" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும். வழிகாட்டிப் புத்தகத்துல படிச்சிருக்கேன்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா இவர் உங்க ஊர்க்காரர் இல்லையே. என் அப்பா. இங்கிலீஷ்ல கேட்டேன். சின்ன வயசுலேர்ந்து இந்தத் தலை எனக்கு இல்லைன்னு சொல்றதப் பாத்து வளந்தவ நான்."

"போன்ல உன்கிட்டப் பேசறப்பவே தலை இப்படித்தாம்மா ஆடும். நான் பக்கத்துலயே இருந்து பாத்திருக்கேன்!"

"நான் பாத்ததில்லையே" என்றாள். அவள் கேட்டதெல்லாம் குரல்தானே.

நான் விடவில்லை. "கையப் பிடி. இருக்கணும்னா அழுத்தச் சொல்லு" என்றேன். இடது கையைப் பிடித்தாள். விடாமல் அழுத்தினார். "வரணும்னா அழுத்துங்க" என்றாள் அடுத்து. கையை எடுக்கப் பார்த்தார், விரல்கள் திறக்கவில்லை. அந்தக் கை எதைப் பிடித்தாலும் விடுவதில்லை, ஊட்டும்போது கரண்டியைக்கூட நாங்கள்தான் பிடுங்குவோம். அது எனக்கும் தெரியும். அவர் இப்படியும் அப்படியும் தலையைப் போட்டு அடித்தார், தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"போதும், அவரக் கஷ்டப்படுத்தாதீங்க" என்றாள் ஹெதர்.

மின்ச்சோ என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். "பெத்த பொண்ணுடி. நாம யாரு?" என்றான்.

வண்டி கிளம்பும்போது அவர் தொப்பியை மடியில் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தெருவையே பார்த்துக்கொண்டு போனார், படல் படலாக.

போன மே மாதம், ஆடுகளைக் காக்கும் புனிதர் கியோர்கியின் திருநாளன்று, ஆடுகளுக்குப் பூமாலை போட்டிருந்தோம். ஹெதருக்கு வீடியோ போன் போட்டேன். உடனே எடுத்தாள். முதியோர் இல்லத்தில் சுத்தமான அறை, ஆறாவது மாடி ஜன்னல், அதில் வானம் மட்டும். லென்கோ நாற்காலியில் இருந்தார். சவரம் செய்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். போனை இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அது வழக்கம்போல் ஏற இறங்கப் பார்த்தது.

"லென்கோ அண்ணே, நான் ஸ்டாங்கா. தெரியுதா என்னை?" என்று எங்கள் மொழியில் கேட்டுவிட்டு, ஹெதருக்காக இங்கிலீஷிலும் சொன்னேன்.

அவர் தலை பக்கவாட்டில் ஆடியது. நிற்காமல் ஆடியது.

"மன்னிச்சுக்குங்க ஸ்டாங்கா, உங்களத் தெரியலையாம்" என்றாள் ஹெதர், என் மனம் நோகக்கூடாதே என்று மெதுவாக. பிறகு அப்பாவின் பக்கம் குனிந்தாள். "ஆனா இங்க நல்லா இருக்கார். பாருங்களேன். அப்பா, இங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

லென்கோ என்னையே பார்த்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஒருமுறை இல்லை, மறுபடி மறுபடி.

"பாத்தீங்களா!" என்றாள். அவள் கண்ணில் நீர். இத்தனை மாதம் தூங்காத முகம் அது, கொஞ்சம் இளகியது. "நான் செஞ்சது சரிதானே, ஸ்டாங்கா?"

நான் அவளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். தலையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினேன்.

ஹெதர் நன்றி சொன்னாள். லென்கோவின் கோணாத பக்கத்து உதடு லேசாக அசைந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.