பிரேக் பிடிக்காத மத்தியானம்

எங்கள் தெருவின் கடைசி வீட்டு அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு ‘ஊமையார்’ என்று பட்டப்பெயர். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாலே பெரிய விஷயம். அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, அவருக்கு அண்ணி வாய்த்தார்.

அண்ணிக்கு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கவுண்டரை மூடிவிட்டு உள்ளே போய்ப் பின்வரிசையில் நின்று மீதிப் படத்தைப் பார்ப்பார். அதனால் எந்தப் படத்தின் தொடக்கத்தையும் அவர் ஒழுங்காகப் பார்த்தது கிடையாது. அவர் நுழையும் நேரத்தில் கதாநாயகனுக்கு வேலை போயிருக்கும், அல்லது யாராவது மலை உச்சியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து பிடித்துக்கொண்டு எங்களுக்குக் கதை சொல்வார். முன்பாதி என்ன ஆச்சு என்று கேட்டால், “மொதல்ல எல்லாரும் நல்லாத்தான் இருந்திருப்பாங்க. அத வேற உக்காந்து பாக்கணுமா?” என்பார். அவர் சொல்லச் சொல்ல எங்கள் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது. யாரும் எழுந்து போனதில்லை.

அண்ணன் மட்டும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். இன்றைக்கு என்ன விசேஷம் என்று அண்ணி கேட்டால், ஒன்றுமில்லை என்பார். ஊரையே சுற்றிவிட்டு வருகிற மனுஷனுக்கு ஒன்றுமில்லையாம் என்று அண்ணி எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்.

ஒரு நாள் காலை கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தபோது அண்ணியின் கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார், குரலும் வரவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. பேச்சு மட்டும் போனது போனதுதான்.

மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரந்தோறும் ஒரு பெண் வீட்டுக்கு வந்து, சாவி, குடை, டம்ளர் என்று படங்களைக் காட்டுவாள். அண்ணி உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். தெருவையே கட்டிப்போட்ட வாய் ‘குடை’ என்று சொல்லப் போராடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று இருந்ததோ என்னவோ. அந்தப் பெண் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, வார்த்தை எங்கேயும் தொலைந்துபோகவில்லை, வருகிற வழிதான் அடைத்திருக்கிறது, வீட்டில் நிறையப் பேசுங்கள் என்றாள். டாக்டரோ, மனசுக்கு அதிர்ச்சி தரும் எதையும் சொல்ல வேண்டாம் என்றிருந்தார்.

இரண்டையும் அண்ணன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக. இன்றைக்குக் கூட்டம் இல்லை, எல்லாரும் ஒழுங்காக ஏறினார்கள், ஒழுங்காக இறங்கினார்கள், வெயில்கூடக் கம்மி என்பார். குடிகாரன் ஒருவன் சட்டையைப் பிடித்த நாளும் அவர் கணக்கில் நல்ல நாள். நடுவழியில் டயர் வெடித்த நாளும் நல்ல நாள்தான். அண்ணி முதல் வரிக்குக் கண்ணைத் திறந்து பார்ப்பார். இரண்டாவது வரிக்குச் சுவர் பக்கம் திரும்பிவிடுவார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு நாள் பொறுக்க முடியாமல், “அப்பா, நீங்க பேசுறது பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு கேக்குற மாதிரி இருக்கு” என்றாள். அவர் வருத்தப்படவில்லை. அம்மாவுக்கு அதிர்ச்சி கூடாது என்று மட்டும் சொன்னார். மாதங்கள் இப்படியே போயின.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வீடு திரும்பினார். நெற்றியில் பிளாஸ்திரி. தலைமுடியிலும் சட்டைக் காலரிலும் மணல். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவரை அண்ணி இடது கையால் பிடித்து நிறுத்தினார். காலரிலிருந்து மணலைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்து அவருக்கே காட்டினார். எந்த ஊர்க் கதவில் மணல் இருக்கிறது என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அன்றைக்கு அது அவரிடம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து சந்திப்புக்கு இறங்கும் சரிவு. பஸ் நிறைய ஆட்கள். கீழே சிக்னலில் வண்டிகள் நிற்கின்றன, ஜனங்கள் ரோட்டைக் கடக்கிறார்கள். அதுவரைக்கும் தட்டுத் தடுமாறிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“பெடல மிதிச்சேன். பிடிக்கல. மறுபடியும் மிதிச்சேன். காத்து மாதிரி உள்ள போகுது.”

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அப்... அப்புறம்?”

“மூணாவது கியருக்கு எறக்குனேன். இஞ்சின் அலறுது. அப்புறம் ரெண்டாவது...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுபோனார். கேட்டது யார்? வீட்டில் மகள் அடுப்படியில் இருக்கிறாள். அவள் குரல் இல்லை அது. நிமிர்ந்து பார்த்தார். அண்ணி முகம் சிவக்க, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். பஸ் இன்னும் சரிவில் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த ஆள் என்னடாவென்றால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருக்குக் கோபம்.

“அப்புறம்?” என்றார் மறுபடியும், இந்தத் தடவை தெளிவாக.

மகள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அழுதுகொண்டே அண்ணன் மீதியைச் சொன்னார். கண்டக்டர் எல்லாரையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரச் சொல்லிக் கத்தியது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இறங்கியது. சந்திப்புக்குச் சற்று முன்னால், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் ஓரமாக மலை மாதிரி மணல் குவிந்திருந்தது. அதில் பஸ்ஸைக் கொண்டுபோய்ச் செருகியது. கண்ணாடி உடைந்து மணல் உள்ளே கொட்டியது. சிலருக்குச் சிராய்ப்பு. பெரிய சேதம் முட்டை வியாபாரிக்குத்தான். அவர் மடியில் வைத்திருந்த ஓர் அட்டை முட்டை முழுவதும் கண்டக்டர் தலையில் அபிஷேகம். அந்த இடத்தில் அண்ணி சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு. வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயில் விரிசல் என்று டிப்போவில் கண்டுபிடித்தார்கள். அண்ணன்மேல் தப்பில்லை என்று ஆனது. அவர் மறுபடியும் வண்டி எடுத்தார். ஆனால் பழைய ஊமையார் இல்லை. சில்லறைச் சண்டை, தப்பு பஸ்ஸில் ஏறிய மாப்பிள்ளை, இறங்கவேண்டிய இடத்தில் தூங்கிப்போன வக்கீல் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். “அண்ணே, பஸ்ல சண்டை வந்தா நீங்க ஏன் சந்தோஷமா திரும்பிப் பாக்குறீங்க?” என்று கண்டக்டர் கேட்டே விட்டாராம். பயிற்சிப் பெண்ணும் படங்களைப் பைக்குள் வைத்துவிட்டு, முடிச்சு விழுகிற இடத்தில் கதையை நிறுத்துங்கள், அம்மா கேட்கட்டும் என்றாள். அண்ணி கேட்டார். யாரு, எங்க, ஏன் என்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. அண்ணன் கொஞ்சம் மசாலா சேர்த்த ஒரு நாள், “பொய்” என்று ஒரு புதுச் சொல்லும் வந்தது. அதை அண்ணன் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அண்ணிதான், பாதி வாயாலும் பாதி கையாலும். அத்தனை நாள் நல்ல செய்தியாகச் சொன்னபோது வராத பேச்சு அன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். வெகுநேரம் சொற்களைத் தேடினார்.

“நல்லா இருந்தேன்னு சொன்னா... அவரு அங்க. நான் இங்க. பிரேக் பிடிக்கலன்னா... நானும் பஸ்ல.”

அண்ணனுக்கு அந்த மத்தியானத்தின்மேல் கோபமில்லை. அப்படியொரு சரிவு எதிரிக்கும் வரக்கூடாது என்பார். வந்ததில் தனக்குக் கிடைத்தது யாருக்கும் கிடைக்காது என்பார். கண்டக்டர், இறங்கியதும் தோளைத் தட்டிக் கொடுத்த பயணிகள், மணலை அங்கே கொட்டிவைத்த புண்ணியவான் என்று அவர் நன்றி சொல்லவேண்டியவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

கட்டட மேஸ்திரியைப் பார்த்துத் தானும் நன்றி சொல்லவேண்டும் என்று அண்ணி பிடிவாதம் பிடித்தார். கைத்தடியோடு மகளையும் அழைத்துக்கொண்டு அண்ணன் ஓட்டும் பஸ்ஸிலேயே அந்தச் சரிவில் இறங்கினார். கட்டடம் மூன்றாவது மாடிக்கு வளர்ந்திருந்தது. பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு அண்ணனும் ஓடி வந்தார். மணலைக் கலைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். மணல் எங்கே போய்விடப் போகிறது, அன்றைக்கே அள்ளிக் குவித்துவிட்டோம் என்றார் மேஸ்திரி.

அண்ணி அவர் முன்னால் நின்றார். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு சொல். உதடு கூடியது, கண் நிறைந்தது, சொல் வழிமாறி வந்தது.

“தண்ணி” என்றார்.

மேஸ்திரி பதறிப்போய் உள்ளே ஓடி, சொம்பைக் கழுவி, நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தப்பாகச் சொல்லிவிட்டது அண்ணிக்குத் தெரிந்தது. மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி இடது கையால் சொம்பை வாங்கி, நின்றபடியே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.