நான் எழுதிக்கொடுத்த நோயாளி

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு மருத்துவர் சங்க அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடக்கும். வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்கும் தாளை நிரப்பித் தந்தால்தான் நான் சாப்பாட்டு டோக்கன் கொடுப்பேன். பசி நேரம். எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்று டிக் அடித்து என்னிடம் நீட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

வகுப்புகளை நடத்திய பெரிய டாக்டருக்கு அந்தத் தாள்களில் நம்பிக்கை இல்லை. "இது சாம்பாருக்குப் போட்ட மார்க்கும்மா," என்றார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய வகுப்புக்குப் பிறகு வேறு வழி செய்தார். ஒரு பெண், நோய்வாய்ப்பட்ட குழந்தையின் தாய் போலக் கிளினிக்குகளுக்குப் போவாள். குழந்தை வீட்டில் இருப்பதாகச் சொல்வாள். டாக்டர் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சொல்கிறாரா, பழையபடி மருந்துச் சீட்டு மட்டும் கிழிக்கிறாரா என்று பார்த்துவருவாள். இப்படி ஒருத்தி வருவாள் என்று டாக்டர்களிடம் முன்பே சம்மதம் வாங்கியிருந்தோம். யார், எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் பேசவேண்டியதை எழுதிக்கொடுத்தது நான். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, அதையே போட்டேன்.

சில வாரங்களில் என் மகளுக்கே வயிற்றுப்போக்கு வந்தது. கணவர் ஆவடி தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தார். கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதற்றத்தில் எனக்குச் சொந்த வார்த்தை வரவில்லை. எழுதிக்கொடுத்ததுதான் வந்தது.

"ஒன்றரை வயசுப் பொண்ணு சார். காலைலேர்ந்து தண்ணியாப் போவுது. குடிச்சதெல்லாம் வாந்தி."

டாக்டர் சிரித்தார். "டோக்கன் அம்மா தானே நீங்க? போன வாரம் ஒருத்தங்க இதையேதான் சொன்னாங்க. இந்தத் தடவை குழந்தையையும் கூட்டினு வந்துட்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ஒப்பிக்க ஆரம்பித்தார். கரைசலை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, கண் உள்ளே போனால் உடனே ஆஸ்பத்திரி. ஒன்றுகூடத் தப்பில்லை. என் முகத்தையே பார்த்துச் சொன்னார். மடியில் கிடந்தவளின் கண் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

"சார், இது என் பொண்ணு," என்றேன். "நிஜமாவே என் பொண்ணு."

பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து விட்டார். அது மடிந்தபடியே நின்றது; உடம்பில் நீர் அவ்வளவு வற்றியிருந்தது. அவரே வாசலுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினார். அவர் ஒப்பித்ததை அந்தக் கணக்கெடுப்பில் சேர்த்திருந்தால் அவருக்கு முழு மதிப்பெண் விழுந்திருக்கும்.

"கொயந்தைய கெட்டியா புட்சிக்கோம்மா," என்று மட்டும் சொன்னார் ஆட்டோக்காரர். வழியெல்லாம் அவளைக் கிள்ளிக்கொண்டே போனேன், அழட்டும் என்று. அழவில்லை.

அவள் இப்போது எட்டாவது படிக்கிறாள். லேசாக வயிற்றைப் பிடித்துக்கொண்டால்கூட முதலில் அவள் கண்ணைத்தான் பார்க்கிறேன். அன்று அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், "எப்போலேர்ந்தும்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதே வாக்கியங்கள் வந்துவிடும் என்று பயம். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தார்.