தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிய பால்

அந்த ரயில் ஓட்டுநரின் வலது கை வெந்து போனதற்கு நான்தான் காரணம். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை மறுநாள் செய்தேன். இரண்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் வெப்பவியல் பாடம் நடத்தியவன். கொதிகலன்களைப் பற்றி எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு கொதிகலனுக்கும் நான் ஒரு விறகுத்துண்டு போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் மனைவியும் நானும் போகிற ஊர்களில் எல்லாம் பொழுதுபோக்குப் பூங்காக்களைத் தேடிப் போவோம். அங்கே சிறு நீராவி ரயில் இருந்தால் ஏறிவிடுவோம். வெளிநாட்டில் மகன் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில் இப்படி நிறைய. முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, வட்டப் பாதையில் ஒரு சுற்று. பிறகு ஷெட்டுக்குப் போய் எண்ணெய் வாடையில் நின்று கேள்வி கேட்பது. "சின்னப் புள்ளைங்கல்லாம் எறங்கியாச்சு. நீங்க எப்ப எறங்கப் போறீங்க?" என்பாள் என் மனைவி.

அவள் போன பிறகு கொடைக்கானலில் இருந்த எங்கள் சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த வருஷமே, பூம்பாறை போகும் சாலையில் ஒரு பூங்காவில் உண்மையான நீராவி இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். டீசல் மோட்டாருக்குத் தகர முகமூடி மாட்டிய ரயில் இல்லை. தண்ணீர் கொதித்து ஓடுகிற ரயில். நாலு பெட்டி. பேரிக்காய் மரங்களுக்கு நடுவே ஒரு சுற்று, பாதி வழியில் ஒரு நிறுத்தம். வாட்டில் மரத்து விறகுதான் எரிப்பார்கள். கேள்விப்பட்ட அன்றே போனேன். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் போனேன்.

ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். பழனி அடிவாரத்துக்காரர். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற குடும்பம். மலைக்கு ஆள் ஏற்றும் விஞ்சில் பல வருஷம் வேலை பார்த்து, பிறகு பாய்லர் சான்றிதழ் வாங்கி மேலே வந்தவர். இஞ்சினைக் காதால் ஓட்டுகிறவர். ஒரு ஆணி தளர்ந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

என் படிப்பைக் கேள்விப்பட்ட பூங்கா முதலாளி ஒரு யோசனை சொன்னார். ரயிலில் ஏறுமுன் விருப்பப்பட்டவர்களை ஷெட்டுக்குள் கூட்டிப் போய் இஞ்சினைச் சுற்றிக்காட்ட வேண்டும். நீங்களே செய்யுங்கள் சார் என்றார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புகைபோக்கி முதல் சக்கரம் வரை விளக்குவேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாயைத் தொட்டுக் காட்டி, "இதுதான் இஞ்சினின் உயிர். இது காலியானால் எல்லாம் போச்சு" என்பேன். ஓட்டுநர் விறகு அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

"சார் வாயில இருந்து போற ஆவியப் புடிச்சா இன்னொரு இஞ்சின் ஓட்டலாங்க," என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆயுத பூஜை அன்று விடுமுறைக் கூட்டம். இஞ்சினுக்கு இருபக்கமும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார் ஓட்டுநர். உள்ளங்கை அளவு பித்தளை வேல் ஒன்று அவரிடம் உண்டு. அதை ஒரு தாம்பாளத்தில் நிறுத்தி, பூம்பாறையிலிருந்து வந்த பாலால் தன் கையாலேயே அபிஷேகம் செய்தார். எல்லாருக்கும் தீர்த்தம் கொடுத்த பிறகும் முக்கால் குடம் பால் மிஞ்சியது.

அபிஷேகப் பாலை மிதிபடும் இடத்தில் ஊற்றக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். செடிக்கோ மரத்துக்கோ ஊற்றுவோம். ஓட்டுநர் குடத்தை என் கையில் கொடுத்தார்.

"சார், வெளிய போயி வெறகு எடுத்தாரணும், எனக்குச் சோலி கெடக்கு. இதக் கால் படாத எடமாப் பாத்து ஊத்திருங்க. வெரசா வாங்க, வண்டி எடுக்கணும்."

என் பின்னால் இருபது பேர் நின்றார்கள். நான் விளக்கத்தின் நடுவில் இருந்தேன். வெளியே எங்கு பார்த்தாலும் கால்கள். மரத்தடி வரை வரிசை நின்றது. போய் வந்தால் பேச்சு அறுந்துவிடும். இஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருந்தது. கால் படாத இடம்தானே?

"எல்லாருக்கும் பிரசாதம் கிடைத்தது. இவனுக்கு வேண்டாமா?" என்று சொல்லிக் குடத்தை அதில் கவிழ்த்தேன். கைதட்டினார்கள். நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு பெண் கைகூப்பினாள். அந்த நேரத்தில் நான் எவ்வளவு நிறைவாக இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பால் கலந்த தண்ணீர் கொதித்தால் பொங்கும் என்பதை எந்தச் சமையலறையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கொதிகலனுக்குள் கொழுப்பு போனால் நுரைத்துக்கொண்டு மேலே ஏறும். கண்ணாடியில் நுரை நின்று தண்ணீர் நிறைய இருப்பதுபோல் காட்டும். உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். இதை நான் பரீட்சைக் கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன்.

முதல் பெட்டியில், ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். இரண்டு சுற்று நன்றாக ஓடியது. தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிகலனுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கும். மூன்றாவது சுற்றில் புகைபோக்கியிலிருந்து வெதுவெதுப்பான துளிகள் எங்கள்மேல் விழுந்தன. வெள்ளையாக இருந்தன. "குளிரில் ஆவி தண்ணீராகிறது" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னேன். ஒருவர் சட்டையை முகர்ந்து பார்த்தார். அதையும் பார்த்தேன்.

பாதி வழி நிறுத்தத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

"சார், கண்ணாடி ததும்ப நிக்குது. ஆனா சத்தம் சரியில்லங்க. தொண்டையில என்னமோ அடைச்ச மாதிரி இழுக்குது. ஆளுகள எறக்கி விட்டுப் பாத்துக்கிருவமா?"

பெட்டியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கண்ணாடி நிறைய இருக்கிறதல்லவா? கண்ணாடி பொய் சொல்லாது. போங்கள்," என்றேன்.

"சார் சொன்னாச் சரி," என்று கொதிகலனுக்குத் தண்ணீர் விடாமலே வண்டியைக் கிளப்பினார்.

ஒரு பேரிக்காய் மரத்தைத் தாண்டவில்லை. விறகு போட உலைக் கதவைத் திறந்தார். உலையின் உச்சியில் ஈயம் வைத்த திருகு ஒன்று உண்டு. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் ஈயம் உருகி, வழி திறந்து, ஆவி உலைக்குள் பாய்ந்து நெருப்பை அணைக்கும். கொதிகலன் வெடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எங்களை அதுதான் காப்பாற்றியது. ஆனால் கதவு திறந்திருந்தது. அவர் கை உள்ளே இருந்தது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. சாம்பலும் ஆவியும் வெளியே அடித்தன. அவர் கத்தவில்லை. இடது கையால் பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தார். அதன் பிறகே வலது கையைப் பார்த்தார். தோல், சட்டைக் கைபோல் சுருண்டு நின்றது. நான் இடத்தை விட்டு எழவில்லை. பயணிகளில் இரண்டு பேர்தான் அவரைத் தூக்கினார்கள். அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது. அடிப்பிடித்த பால்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஓட்டுநர் மருத்துவமனையில் இருந்தார். "தண்ணிய வத்த விட்டுட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க சார். நீங்க எழுதினா அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க," என்றார்.

ஷெட்டில் தனியாக இருந்தேன். தொட்டி மூடியைத் திறந்தேன். உட்சுவரில் மஞ்சளாகப் பாலாடை படிந்திருந்தது. ஷெட் ஓரம் தோட்டக் குழாய் கிடந்தது. நான் அதைத் திறந்து, தொட்டியை மூன்று முறை கழுவி வடித்தேன். எனக்குப் பதற்றம்கூட இல்லை என்பதுதான் இப்போது என்னைத் திகைக்க வைக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நிதானமாகக் கழுவினேன். பிறகு உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதினேன்: ஓட்டுநர் நீர்மட்டத்தைக் கவனிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கை ஓரளவு ஆறிய பிறகு அவர் வேறு இடங்களில் கேட்டிருக்கிறார். ஒரு ஆலை, ஒரு பால் பண்ணை. எங்கே போனாலும் என் தாளின் நகல் அவருக்கு முன்னால் போய் நின்றது. பாய்லர் பக்கம் இனி அவரை யாரும் விடமாட்டார்கள் என்று பூங்கா வாசலில் சோளம் சுடும் பெண் சொன்னாள். "பாவம், மெஷின் சத்தம் கேக்காம அவருக்குத் தூக்கமே வராது சார்" என்றாள்.

நாலு மாதம் சும்மா இருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிட்டேன், பேப்பர் படித்தேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பஸ் ஏறிப் பழனிக்கு இறங்கினேன். வழியெல்லாம் காவடிக் கூட்டம். அடிவாரத்தில் விசாரித்துப் போனேன். வீட்டு வாசலில் ஒரு சாக்கை விரித்து, வலது கையால் நாரைப் பிடிக்க முடியாமல் இடது கையால் மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே பூப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்," என்றார். எழவில்லை.

நின்றபடியே சொன்னேன். பாலைத் தொட்டியில் ஊற்றியது, கழுவியது, எழுதியது. அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அதில் நான் இருந்தேன். குடத்தைக் கவிழ்க்கிறேன். சிரிக்கிறேன். கைதட்டல் கேட்கிறது.

"யாரோ டூரிஸ்ட்டு போட்டுருக்காங்க. எம் மக பாத்துட்டு அனுப்புனா. மூணு மாசமா எங்கிட்டத்தான் கெடக்கு."

"முதலாளியிடம் காட்டவில்லையா?"

"காட்டி? வீடியோவுல சார் பால் ஊத்துறாரு. யாருங்க குடுத்த பாலு? நான் குடுத்தது. பாத்து ஊத்துங்கன்னு ஒரு ஆள நம்பி விட்டதும் நாந்தான்." பூவை நாரில் இறுக்கினார். "அதோட, பாத்தேன். சார் படிச்சவரு, பெரிய மனுசன், வந்து சொல்லிருவாருன்னு மொத மாசம் பாத்தேன். ரெண்டாம் மாசம் பாத்தேன். அப்புறம் பாக்கல."

உள்ளே இருந்து அவர் மனைவி, "அவரோட என்ன பேச்சு? அனுப்பிவிடுங்க," என்றார்.

"இருடீ. தாள் எடுத்துட்டு வா."

அங்கேயே, பூச்சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார். மெதுவாகப் படிப்பார், விரல் ஒவ்வொரு சொல்லிலும் நின்றது.

"‘அறியாமல் ஊற்றிவிட்டேன்’னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"உங்களுக்கா தெரியாது? வாரம் மூணு நாள் நின்னு பாடம் எடுத்தீங்களே. அத அடிங்க."

அடித்தேன்.

"நிறுத்தத்துல நான் கேட்டது இல்லையே? எறக்கிப் பாக்கவான்னு கேட்டனா இல்லையா?"

எழுதினேன். தொட்டியைக் கழுவியதை ஒரே வரியில் முடித்திருந்தேன். மூன்று முறை என்று போடச் சொன்னார். போட்டேன்.

மறுநாள் வெள்ளனே இருவரும் பஸ்ஸில் மேலே போனோம். முதலாளியின் அறையில் நானே அதை உரக்கப் படித்தேன். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, என்னைப் பார்க்காமல் ஓட்டுநரிடம் கேட்டார்:

"ஏம்ப்பா, வண்டி நிக்கும்போது சத்தம் சரியில்லன்னு சொன்னியா நீ? இத ஏன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?"

"என்னைய எங்கங்க கேட்டீங்க?" என்றார் ஓட்டுநர். "அவரத்தான கேட்டீங்க."

அத்தனை மாதத்தில் எனக்கு ஒருமுறைகூட அது தோன்றவில்லை. நான் பொய் எழுதியது மட்டுமே குற்றம் என்று நினைத்திருந்தேன். ஓட்டிய மனிதரை யாருமே விசாரிக்கவில்லை என்பது, அந்த அறையில் அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கொதிகலன் பழுது பார்த்து வர ஐந்து மாதம் ஆனது. பழைய தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முதலாளி அவரையே கூப்பிட்டார். வலது கை முழுதாக மடங்காது. இடது கையால் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். இப்போது ஷெட்டைச் சுற்றிக்காட்டுவதும் அவர்தானாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் "வாங்க சார்" என்றுதான் சொல்வார். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.